ராடைத் திருப்பும் முன் அளந்து பாருங்கள்: நம்மூர் ஈரக்காற்றில் கித்தார் நெக்

“ஆக்‌ஷன் ஏறிப்போச்சுண்ணே, நெக் வளைஞ்சிருச்சு, ராட கொஞ்சம் முடுக்கி விடுங்க.” நம் மலேசியாவில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் பினாங்கு ஜெலுத்தோங் ஆனாலும், கித்தாரைப் பட்டறை மேசையில் வைக்கும்போது வரும் முதல் பேச்சு பெரும்பாலும் இதுதான். இதில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஆக்‌ஷன் எனும் கம்பியின் உயரம் ஏறியது உண்மையாக இருக்கும், வாசிப்பவரின் விரல் பொய் சொல்லாது. நெக் எனும் கித்தாரின் நீண்ட கழுத்து வளைந்ததா என்பது அளக்காமல் தெரியாது. நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடை முடுக்குவதோ, பலமுறை வேறு நோய்க்குக் கொடுக்கும் மருந்து.

ட்ரஸ் ராடின் வேலை என்ன என்பதில் தெளிவு வேண்டும். 0.012 அங்குலத்தில் தொடங்கும் அக்கூஸ்டிக் கம்பி செட் ஒன்றைச் சரியான சுருதிக்கு ஏற்றினால், ஆறு கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையில் நெக்கை முன்னால் இழுக்கும். 0.010 எலெக்ட்ரிக் செட் என்றால் 46, 47 கிலோ. அந்த இழுப்புக்கு எதிராக நெக்கைப் பின்னுக்குப் பிடிப்பதுதான் உள்ளே புதைந்த இரும்புக் கம்பி. கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தடியஸ் மெக்ஹியூ 1921இல் விண்ணப்பித்து 1923இல் பெற்ற காப்புரிமையிலிருந்து வந்த ஏற்பாடு இது. நெக் முழு நேர்கோடாக இருந்தாலும் ஆகாது. அதிரும் கம்பி நடுவில்தான் அகலமாக வீசும், அந்த வீச்சுக்கு இடம்விட்டு நெக் மிக லேசாகக் குழிந்திருக்க வேண்டும். இந்தக் குழிவுக்குப் பெயர் ரிலீஃப். ராட் சரிசெய்வது ரிலீஃபை. 12ஆம் ஃபிரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பி நிற்கும் உயரமாகிய ஆக்‌ஷன், ரிலீஃப் மாறும்போது கொஞ்சம் கூடவே மாறும், ஆனால் அது பக்க விளைவு. ஆக்‌ஷனை இறக்க ராடை முடுக்கிக்கொண்டே போனால் நெக் பின்னால் வளைந்து, முதல் நான்கைந்து ஃபிரெட்டில் கம்பி கரகரக்கும். மேலே 14ஆம் ஃபிரெட்டுக்கு அப்பால் கம்பி அதே உயரத்தில்தான் நிற்கும்.

இனி நம்மூர்க் காற்று. பெரிய தொழிற்சாலைகள் ஈரப்பதம் 45 முதல் 50 விழுக்காடு இருக்கும் அறையில் கித்தாரை ஒட்டிச் சேர்க்கின்றன. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வெளிக்காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியிருக்கும், விடியற்காலையில் 90ஐத் தாண்டும். 50 விழுக்காட்டுக் காற்றில் மரம் தன் எடையில் ஏறத்தாழ 9 விழுக்காடு நீரை வைத்துக்கொள்ளும். 80இல் அது 16ஐ நெருங்கும். இந்த நீர் மரத்தை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஊதவைப்பதில்லை. இழை ஓடும் நீளவாட்டில் மிகக் குறைவு, இழைக்குக் குறுக்கே பல மடங்கு. நெக்கில் இழை நீளவாட்டில் ஓடுகிறது. ஆனால் 400 மி.மீ. அகலமான முகப்புப் பலகை குறுக்கே சில மி.மீ. விரியப் பார்க்கும். அடியில் ஒட்டிய பிரேஸ் கட்டைகள் விரிய விடாது. பக்கவாட்டில் போக முடியாத பலகை மேல்நோக்கி உப்புகிறது, கம்பியைக் கட்டும் பிரிட்ஜும், அதில் கம்பியைத் தாங்கும் சேடிலும் அதன்மேல் உட்கார்ந்தபடி உயர்கின்றன. ஆக்‌ஷன் ஏறிவிட்டது, நெக்கோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. திட மரமாகிய சாலிட் டாப்பில் இது நன்றாகத் தெரியும். யமஹா எஃப்310 போன்ற பிளைவுட் முகப்பில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்கே ஒட்டப்பட்டிருப்பதால் குறைவு.

ஆகவே முதல் சோதனை நெக்கில் இல்லை, பிரிட்ஜுக்குப் பின்னால். 30 செ.மீ. இரும்பு ரூலரை நிமிர்த்தி, பிரிட்ஜின் பின்விளிம்பை ஒட்டிக் குறுக்கே வையுங்கள். நல்ல கித்தாரிலும் முகப்பு லேசான குவிவோடுதான் செய்யப்பட்டிருக்கும், எனவே ரூலரின் இரு முனையிலும் சிறு இடைவெளி இருப்பது இயல்பு. அந்த இடைவெளியை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். கித்தார் நன்றாக இருந்த நாளின் அளவு கையில் இருந்தால், பிறகு ஆக்‌ஷன் ஏறும்போது குற்றவாளி முகப்பா நெக்கா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நெக்கை அளப்பதற்குக் கம்பி நல்ல நிலையில் இருக்க வேண்டும். துருப்பிடித்த, தடிப்பு கலந்துபோன பழைய கம்பியில் அளந்து பயனில்லை. நீங்கள் எப்போதும் போடும் தடிப்பில் புது செட் மாட்டி, எப்போதும் வாசிக்கும் சுருதியில் வையுங்கள். இந்தச் சுருதி விஷயத்தில் பலர் தவறுகிறார்கள். பாடுபவரின் கட்டைக்காகக் கித்தாரை அரைச் சுரம், ஒரு சுரம் இறக்கி வைத்து வாசிப்பது தேவாலயப் பாடற்குழுக்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் சாதாரணம். இறக்கினால் இழுப்பு குறையும், நெக் நிமிரும், ரிலீஃப் சுருங்கும், கம்பியும் தளர்ந்து அகலமாக வீசும். வழக்கமான சுருதியில் அளந்து சரிசெய்த கித்தார் மேடையில் கரகரப்பது இதனால்தான். எந்தச் சுருதியில் வாசிக்கப் போகிறீர்களோ அதிலேயே அளக்க வேண்டும்.

அளவுக்கருவி ஃபீலர் கேஜ். மோட்டார் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் டேப்பெட் சரிசெய்ய விற்கும் அதே மெல்லிய தகட்டுக் கட்டு போதும், கித்தார் கடையில் தனியாகத் தேட வேண்டாம். அதுவும் கையில் இல்லையென்றால், கழற்றிப்போட்ட பழைய முதல் கம்பியில் ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். 0.010 கம்பி 0.25 மி.மீ., 0.012 கம்பி 0.30 மி.மீ. உறையில் போட்டிருக்கும் எண்ணே உங்கள் அளவுகோல். ஏடிஎம் கார்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அது 0.76 மி.மீ. தடிப்பு. கார்டு தாராளமாக நுழைகிறதென்றால் அந்த நெக் எப்போதோ சரிசெய்யப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் அது சொல்லும்.

கித்தாரை வாசிக்கும் நிலையில் மடியில் வையுங்கள். மேசையில் மல்லாக்கக் கிடத்தி, தலைப்பகுதிக்குக் கீழே புத்தகம் முட்டுக்கொடுத்தால் அந்த முட்டே நெக்கை வளைத்து அளவைக் கெடுக்கும். முதல் ஃபிரெட்டில் காப்போ (கம்பிகளை ஒருசேர அழுத்தும் கவ்வி) மாட்டுங்கள். தடித்த ஆறாம் கம்பியை, அக்கூஸ்டிக் என்றால் நெக் உடலோடு சேரும் 14ஆம் ஃபிரெட்டிலும், எலெக்ட்ரிக் என்றால் கடைசி ஃபிரெட்டிலும் விரலால் அழுத்துங்கள். இப்போது இந்தக் கம்பிதான் உங்கள் நேர்கோட்டுச் சட்டம். ஏழாம், எட்டாம் ஃபிரெட் அருகே கம்பியின் அடிப்பக்கத்துக்கும் ஃபிரெட்டின் உச்சிக்கும் உள்ள இடைவெளியில் தகட்டை நுழைத்துப் பாருங்கள். கம்பியைத் தூக்காமல், தொட்டும் தொடாமலும் போகும் தகட்டின் எண்தான் ரிலீஃப். கண் ஏமாற்றினால் காது கேட்கட்டும்: அந்த இடத்தில் விரல் நுனியால் கம்பியைத் தட்டுங்கள். டிக் என்று மெல்ல ஒலித்தால் இடைவெளி இருக்கிறது. ஒலியே இல்லையென்றால் நெக் நேராகவோ பின்வளைந்தோ நிற்கிறது.

அக்கூஸ்டிக்குக்கு 0.15 முதல் 0.30 மி.மீ. வரை வசதியான எல்லை. மென்மையாக விரலால் வாசிப்பவர் கீழ்முனைக்கும், பிக்கால் ஓங்கி அடித்து ரிதம் போடுபவர் மேல்முனைக்கும் போகலாம். எலெக்ட்ரிக்கில் ஃபெண்டர் தரும் கணக்கு நல்ல வழிகாட்டி: ஃபிரெட் பதித்த ஃபிங்கர்போர்டின் வளைவு ஆரம் 7.25 அங்குலம் என்றால் எட்டாம் ஃபிரெட்டில் 0.012 அங்குலம், 9.5 முதல் 12 வரை 0.010, 15 முதல் 17 வரை 0.008. மி.மீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 0.30, 0.25, 0.20. கமகத்துக்காகக் கம்பியை அதிகம் இழுப்பவர்கள் 7.25 ஆரமுள்ள நெக்கில் இதற்கும் ஆக்‌ஷனுக்கும் கொஞ்சம் தாராளம் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் இழுக்கும் கம்பி உயர்ந்த ஃபிரெட்டில் மோதி ஒலி அறுந்துவிடும்.

ஆறாம் கம்பியில் எடுத்த அதே அளவை முதல் கம்பியிலும் எடுங்கள். 0.05 மி.மீ. வித்தியாசம் கவலைக்குரியது அல்ல. ஒருபக்கம் 0.30, மறுபக்கம் பூச்சியம் என்றால் நெக் முறுகியிருக்கிறது. ஒற்றை ராட் முறுக்கலை எடுக்காது. அது ஃபிரெட்டுகளைச் சமன்செய்தோ, நெக்கைச் சூடேற்றி அழுத்தியோ பட்டறையில் பார்க்க வேண்டிய வேலை.

அளந்த பின்பு, திருப்பத்தான் வேண்டும் என்றால் முதலில் சாவி. ராட் பாழாவதில் பெரும்பங்கு தவறான சாவியால். மார்ட்டினுக்கு 5 மி.மீ. ஆலன் கீ, ஒலித்துளை வழியாக நீண்ட கையோடு. டெய்லருக்கு 1/4 அங்குல நட் டிரைவர். கிப்சனுக்கு 5/16 அங்குலக் குழாய்ச் சாவி. இன்றைய அமெரிக்க ஃபெண்டர்களில் பெரும்பாலும் 1/8 அங்குல ஆலன் கீ. மற்றவற்றுக்குத் தயாரிப்பாளர் தரும் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். நம்மூர் ஹார்ட்வேர் கடை செட்டுகள் பெரும்பாலும் மி.மீட்டரில் வருவதால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. 3/16 அங்குலம் என்பது 4.76 மி.மீ. அந்தச் சாவி 5 மி.மீ. குழியில் தளர்வாக நுழைந்து சுழன்று மூலைகளைத் தின்றுவிடும். 1/8 அங்குலக் குழியில் 3 மி.மீ. சாவியும் அப்படித்தான். சாவி குழியின் அடிவரை போய், அசைத்தால் ஆடாமல் நிற்க வேண்டும். உருண்டை முனைச் சாவி வேண்டாம், மூலையில் அது பிடிக்கும் பரப்பு குறைவு.

கிளாசிக்கல் நைலான் கித்தார் வைத்திருப்பவர் சாவி தேட வேண்டாம், பெரும்பாலானவற்றில் சரிசெய்யும் ராடே கிடையாது. 1985க்கு முந்திய மார்ட்டின்களும் அப்படியே.

சாவியைப் பிடித்திருக்கும் உங்கள் பக்கத்திலிருந்து பார்க்கையில், வலஞ்சுழியாகத் திருப்பினால் ராட் இறுகும், நெக் நிமிரும், ரிலீஃப் குறையும். இடஞ்சுழியாகத் திருப்பினால் தளரும், ரிலீஃப் கூடும். ராடின் முனையில் சாவி போடும் நட் தலைப்பகுதியில் இருந்தாலும் ஒலித்துளைக்குள் இருந்தாலும் இதே விதி. தொடங்கும் இடத்தை மாஸ்கிங் டேப்பில் கோடுபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இறுக்கத்தான் போகிறீர்கள் என்றாலும் முதல் அசைவு தளர்த்தும் பக்கம் இருக்கட்டும், ஒரு மயிரிழை போதும். நட் சுழல்கிறதா, துருவேறி ஒட்டிக்கொண்டதா என்று ஆபத்தில்லாமல் தெரியும். கடலோர பினாங்கு அடுக்குமாடிகளில் பல ஆண்டு திறந்த ஸ்டாண்டில் நின்ற கித்தார்களில் இது அடிக்கடி காணும் கோளாறு. நட் அசைந்தால், கழன்று வரும் வகையானால் மட்டும் அதைக் கழற்றி மரையில் ஊசிமுனை அளவு கிரீஸ் தடவி மீண்டும் போடுங்கள். எண்ணெய் ஸ்பிரேயை உள்ளே பீய்ச்சாதீர்கள், அது மரத்துக்குள் இறங்கிவிடும்.

இறுக்கும்போது கம்பிகளை ஒரு சுரம் அளவு தளர்த்துங்கள். பிறகு அரைக்கால் சுற்று, அதாவது கடிகார முள் 12இலிருந்து ஒன்றரைக்குப் போகும் தூரம். நிறுத்துங்கள். கம்பிகளை மீண்டும் சுருதிக்கு ஏற்றி, ஐந்து நிமிடம் விட்டு, அதே இரண்டு கம்பியில் அதே ஃபிரெட்டில் அளங்கள். எடுத்துக்காட்டாக, 0.45 இருந்தது 0.36 ஆகியிருக்கலாம், இன்னொரு கித்தாரில் 0.42 மட்டும் ஆகியிருக்கலாம். ஒவ்வொரு நெக்கின் மரத்துக்கும் தனிச் சுபாவம், அதனால் ‘கால் சுற்றுக்கு இவ்வளவு’ என்று பொதுக்கணக்கு சொல்பவரை நம்ப வேண்டாம். இலக்கை எட்டும் முன்பே, 0.05 மி.மீ. பாக்கி இருக்கையில் அன்றைய வேலையை முடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். மரம் இரவு முழுவதும் மெல்ல நகரும், மறுநாள் காலையில் அந்தப் பாக்கி பலமுறை தானே தீர்ந்திருக்கும். ஒரே நாளில் மொத்தம் ஒரு முழுச் சுற்றுக்கு மேல் எந்த நெக்குக்கும் வேண்டாம்.

சாவிக்கு இரண்டு விரல் பலம் போதாமல் மணிக்கட்டு பலம் தேவைப்படுகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். நெக்கைக் கையால் மெதுவாகப் பின்னால் வளைத்துப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பினால் ராடின்மேல் சுமை குறையும். அப்போதும் அசையாவிட்டால் அது அறுந்துபோகக் காத்திருக்கும் ராட். அறுந்த ராடை எடுக்க ஃபிங்கர்போர்டையே கழற்ற வேண்டிவரும். பல கித்தார்களில் அந்தக் கூலி கித்தாரின் விலையைத் தாண்டும்.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. நட்டை முழுக்கத் தளர்த்தியும் ரிலீஃப் வரவில்லை, நெக் பின்வளைந்தே நிற்கிறது. ராட் இரண்டு பக்கமும் வேலை செய்யும் டூவல் ஆக்‌ஷன் வகையென்றால், நட் எதிர்ப்பில்லாமல் சுழலும் ஒரு தளர்ந்த பகுதியைக் கடந்து மறுபடி பிடிக்கும். அதற்கப்பால் அது நெக்கை முன்னால் தள்ளும். ஒற்றைப் பக்க ராடானால் மறுபடி பிடிக்காது, நட் கழன்று கையோடு வரும். அங்கே ஒரே வழி கம்பியின் இழுப்பைக் கூட்டுவது: 0.011 செட்டிலிருந்து 0.012க்குப் போய் ஓரிரு வாரம் பொறுத்துப் பாருங்கள். தளர்ந்த ராட் உள்ளே கிடந்து சில சுரங்களுக்கு ஜிர்ரென்று அதிரும். அதை ஃபிரெட் கோளாறு என்று நினைத்து ஃபிரெட்டைத் தேய்த்துவிடாதீர்கள், நட்டை லேசாகப் பிடிமானம் வரும்வரை மட்டும் முடுக்கினால் போதும்.

கரகரப்பு எங்கே கேட்கிறது என்பதே பாதி விடை. முதல் ஐந்து ஃபிரெட்டுக்குள் பரவலாகக் கேட்டால் ரிலீஃப் குறைவு, ராடின் வேலை. அழுத்தாத கம்பியில் மட்டும் கேட்டால் நட்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது. (கம்பி தாங்கும் தலைப்பக்க எலும்புக்கும் இங்கே நட் என்றே பேர், ராடின் நட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 12க்கு மேலே மட்டும் கேட்டால் சேடில் தாழ்ந்திருக்கலாம், அல்லது நெக் உடலோடு சேரும் இடத்தில் மேடு எழுந்திருக்கலாம். ஒரே ஒரு சுரத்தில் மட்டும் கேட்டால் அதற்கு அடுத்த ஃபிரெட் உயர்ந்திருக்கிறது. ஏடிஎம் கார்டுக்கு இங்கே வேலை உண்டு: அதன் நேர் விளிம்பை மூன்று ஃபிரெட்டின்மேல் வைத்துப் பாருங்கள். ஆடினால் நடு ஃபிரெட் மேடு.

ரிலீஃப் சரி, ஆக்‌ஷன் இன்னும் உயரம் என்றால்தான் சேடில். 12ஆம் ஃபிரெட்டில் ஆறாம் கம்பி 2.4 முதல் 2.8 மி.மீ., முதல் கம்பி 1.8 முதல் 2.0 என்பது அக்கூஸ்டிக்குக்கு நல்ல அளவு. 12இல் 0.4 மி.மீ. இறக்க வேண்டுமானால் சேடிலின் அடியில் அதன் இரு மடங்கு, 0.8 மி.மீ. தேய்க்க வேண்டும். ஆனால் உப்பிய முகப்போடு இருக்கும் கித்தாரில் இதை அவசரமாகச் செய்யாதீர்கள். இரண்டு வாரம் கேஸுக்குள் மூடி, ஈரத்தை இருபுறமும் சமன்செய்யும் 49 விழுக்காட்டுப் பொட்டலமோ சிலிகா ஜெல்லோ போட்டு வைத்து மீண்டும் அளங்கள். அரை மி.மீ. வரை தானே இறங்குவது உண்டு. ஈரமான நாளில் தேய்த்த சேடில், கித்தார் ஏர்கோன் அறைக்குக் குடிபோனதும் தாழ்ந்துபோய்க் கரகரக்கும். தேய்த்த எலும்பு வளராது. அதனால் பழைய சேடிலைத் தொடாமல் வைத்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கித் தேய்ப்பது நல்லது.

வெளிநாட்டுக் கையேடுகள் குளிர்காலத்துக்கு ஒருமுறை, கோடைக்கு ஒருமுறை நெக்கைப் பார்க்கச் சொல்லும், கேஸுக்குள் ஈரமூட்டி வைக்கச் சொல்லும். நமக்கு அந்தப் பருவங்கள் இல்லை. நம் பருவம் ஒரே நாளுக்குள் மாறுகிறது: இரவு எட்டு மணிநேரம் ஏர்கோன், காலையில் சன்னலைத் திறந்தால் மழைக்காற்று. இங்கே ஈரமூட்டி வைப்பது எரியும் வீட்டில் அடுப்பு மூட்டுவது போல. கித்தாரை ஏர்கோன் காற்று நேரே படும் சுவரிலும், மாலை வெயில் காயும் வெளிச்சுவரிலும் மாட்டாமல், மூடிய கேஸில் வைத்தால் அந்த தினசரி ஏற்ற இறக்கம் நெக்கை எட்டுவதற்குள் மங்கிவிடும். குளிர்ந்த காரிலிருந்து கல்யாணப் பந்தலுக்கோ திறந்த இல்ல உபசரிப்புக்கோ எடுத்துச் சென்றால் கேஸை உடனே திறக்க வேண்டாம். இருபது முப்பது நிமிடம் விடுங்கள், கம்பியில் பனி படியாது, சுருதியும் ஓடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். அந்தச் சூட்டில் ஒட்டுப்பசை இளகி, பிரிட்ஜும் நெக் சேரும் கோணமும் நகர்ந்துவிட்டால் எந்த ராடாலும் மீட்க முடியாது. அலமாரியில் தொங்கவிடும் ஈர உறிஞ்சி டப்பாவையும் கேஸுக்குள் போடக்கூடாது. அதில் சேரும் உப்புநீர் சிந்தினால் பாலிஷையும் இரும்பையும் தின்றுவிடும்.

அறைக்கு ஒரு சிறிய டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்குங்கள், நம்பும் முன் சோதியுங்கள். சோடா மூடியில் சமையல் உப்பு போட்டு, ஈர மணல் பதம் வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு ஜிப் பையில் மூடி எட்டு மணிநேரம் வையுங்கள். உள்ளே காற்று 75 விழுக்காட்டில் நிற்கும். மானி 70 காட்டினால் இனி அது காட்டும் எண்ணோடு 5 கூட்டிக்கொள்ளுங்கள். ஈரம் கூடினால் நெக் முன்னால் போகுமா பின்னால் போகுமா என்று நண்பர்கள் வாதிடுவார்கள். இரண்டு விதமாகவும் நடப்பதைப் பார்க்கலாம், ஃபிங்கர்போர்டின் மரமும் நெக்கின் மரமும் சேரும் விதத்தைப் பொறுத்தது. உங்கள் கித்தார் எப்படி என்பதை ஒரு நோட்டில் நான்கு எண்கள் சொல்லிவிடும்: ஈரப்பதம், இரு கம்பியின் ரிலீஃப், 12இல் ஆக்‌ஷன். மாதம் ஒருமுறை எழுதுங்கள். முறுகிய நெக், அசையாத நட், நழுவிய மூலை என்று பட்டறைக்குப் போக வேண்டிவந்தால் அந்த நோட்டையும் கேஸுக்குள் வைத்துக் கொடுங்கள்.